சிவப்புக் கோடு இல்லாத ஆய்வேடு

ப்ரூஃப் பார்க்கிற தொழிலில் இரண்டே வகை வாடிக்கையாளர்கள்தான்: தப்பைக் காட்டினால் கோபித்துக்கொள்கிறவர்கள், காட்டாமல் விட்டால் கோபித்துக்கொள்கிறவர்கள்; எங்கள் கடைக்கு இந்த இருவரும் ஒரே ஆளாகத்தான் வருவார்கள்.

நான் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். வகுப்பு முடிந்ததும், பல்கலைக்கழகத்தின் பின்கேட்டுக்கு எதிரே இருக்கும் டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் கடையில் ப்ரூஃப் பார்க்கிறேன். கடைக்காரர் பெயர் சண்முகம். வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் சண்முகண்ணன். வாதாடுவதற்குத் தினமும் ஆள் கிடைக்கும் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். அந்த விஷயத்தில் கடை என்னை ஏமாற்றவே இல்லை. கம்ப்யூட்டர் திரையில், தனக்குத் தெரியாத சொல்லைப் பார்த்தால் அதற்கடியில் நெளிநெளியாக ஒரு சிவப்புக் கோடு போடுமே, அதனால் பாதிக்கப்பட்டவர்கள் நீங்களும்தான் என்று தெரியும். வாருங்கள், சேர்ந்தே அழுவோம்.

பிரிண்டில் வராத தப்பு

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வடக்கே ஏதோ கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய ஆங்கிலக் கடிதத்தோடு வந்தார். மகன் வீட்டிலேயே அடித்துக் கொடுத்துவிட்டானாம். சும்மா ஒரு பார்வை பார்த்து பிரிண்ட் எடுத்தால் போதுமாம். ஃபைலைத் திறந்தேன். மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி இருந்தது திரை.

ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பித்தேன். அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் திரையையும் கொஞ்ச நேரம் என்னையும் பார்த்தார். "ஏனுங் அம்மணி, இந்தச் செவப்புக் கோடு பிரிண்ட்டுல வருமுங்களா?" "வராதுங்க. திரையில மட்டுந்தான் தெரியும்." அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உடனே எழுந்து நின்றுவிட்டார். "அப்பறம் என்னத்துக்குங்க இத்தன பாடு? அப்படியே ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க." நான் விடுவேனா? கோடு வராது, தப்பு வரும் என்று எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னார்:

"கரண்டே வராதப்ப மோட்டார் எப்படிங் அம்மணி ஓடும்?"

நிஜமான ஊர்

ரேவதியக்கா விடுதியில் என் அறைத்தோழி. கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. அவளுடைய அம்மாவும் தறி ஓட்டியவர்தான். அதனால் அந்தச் சத்தத்துக்கு நடுவில் யார் என்ன சொன்னாலும் இவள் காதில் தெளிவாக விழும். ஆண்டுக்கணக்கில் பேட்டி எடுத்து, ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டாள். கேட்டு வாங்கிய நீட்டிப்பு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் நெறியாளர் கையெழுத்துப் போட்டால் சமர்ப்பித்துவிடலாம். சமர்ப்பித்தால் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருக்கிறது. கையெழுத்து இல்லாவிட்டால் வேலையும் இல்லை, பதிவும் ரத்து. மறுபடி முதலிலிருந்து.

அவளுடைய நெறியாளரை 'சார்' என்றே சொல்கிறேன். சார் ஆய்வேட்டைப் படிப்பவர் அல்லர். மவுஸின் சக்கரத்தை உருட்டுபவர். உருட்டும்போது சிவப்புக் கோடு ஒன்று தட்டுப்பட்டால் ஃபைலை மூடிவிடுவார். "ஒரு கோடு இருந்தாக்கூட கையெழுத்துக் கிடையாது" என்பது அவருடைய கொள்கை. ரேவதியக்கா துணைக்குக் கூப்பிட்டதால் நானும் போனேன். ஆய்வேட்டின் தலைப்பிலேயே கருமத்தம்பட்டி இருக்கிறது. தலைப்புப் பக்கத்திலேயே கோடு. சார் மூடிவிட்டார்.

"சார், அது ஊர்ப் பேருங்க சார். அவினாசி ரோட்டுல இருக்குது" என்றாள் ரேவதியக்கா. "தெரியும்மா. தினமும் அந்த வழியாத்தானே கார்ல வாரேன்." "அப்பறம் எப்படிங்க சார் அது தப்பாகும்?" என்று நான் நுழைந்தேன். சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து ஆங்கிலத்தில் 'கோயம்புத்தூர்' என்று அடித்தார். கோடு வரவில்லை. வாதத்தை ஜெயித்தவரின் புன்னகையோடு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, கோயம்புத்தூர்னா வாயே தொறக்கல; அப்ப எது நிஜமான ஊருன்னு அதுக்குத் தெரியுதுல்ல?"

நீலக் கோடும் தெருவிளக்கும்

சிவப்பாவது சொல்லோடு நிற்கும். சொல்கிற விதம் சரியில்லை என்று போடுகிற நீலக் கோடு நம் வளர்ப்பிலேயே குறை கண்டுபிடிக்கும். துடியலூர்ப் பெரியவர் ஒருவர், தெருவிளக்கு எரியவில்லை என்று அதிகாரிக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக்கொண்டு வந்தார். மிகுந்த பணிவோடும் மரியாதையோடும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர அனுமதி வேண்டி நிற்கிறேன் என்று ஆரம்பம். அது முழுக்க நீலக்கோடு. இவ்வளவும் வேண்டாம், 'தெரிவிக்கிறேன்' என்று ஒரே சொல் போதும் என்று சாஃப்ட்வேர் ஆலோசனை சொன்னது.

நான் அதை அவருக்கு மொழிபெயர்த்தது தப்பாகப் போயிற்று. "மரியாதையக் கொறைக்கச் சொல்லுதுங்களா அது?" என்றார். சுருக்கமாக எழுதச் சொல்கிறது என்று சமாளித்தேன். அடுத்த வரியைப் பார்த்தார், அங்கேயும் நீலம். அதற்கடுத்ததிலும். மனு முழுக்க எங்கெங்கே பணிவு இருந்ததோ அங்கெல்லாம் தேடிப்பிடித்துக் கோடு போட்டிருந்தது. தெருவிளக்கு கடைசிப் பக்கத்தில் கடைசி வரியில்தான் வந்தது. அதற்கு மட்டும் கோடு இல்லை. "லைட்டு எரியாட்டிப் போவுதுங்க, ஒரு எழுத்தக் கொறைக்கப்படாது" என்று உத்தரவு போட்டுவிட்டு, கிளம்புகிறபோது திரையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"இதே கோயமுத்தூர்க்காரன் செஞ்சதா இருந்தா, கோடு போடறதுக்கு முன்னால 'ஏனுங்க'ன்னு ஒருக்காக் கூப்புட்டிருக்கும்."

மேரி, ரோஸ், லில்லி

ஊர்ப் பெயர் ஆங்கில உலகத்தில் இல்லாவிட்டாலும் இந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று சார் ஒருவழியாக ஒப்புக்கொண்டார். ஆனால் உள்ளே ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்திருந்தது. மாராத்தாள், பழனாத்தாள், ரங்காத்தாள். பேட்டி கொடுத்த பெண்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே கோடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெயர்களை மாற்றிவிடட்டுமா என்று ரேவதியக்காவே ஆரம்பத்தில் அவர்களிடம் கேட்டிருக்கிறாள். ஆய்வில் அதுதான் வழக்கம். மாராத்தாள் தறியை நிறுத்திவிட்டு, "பேச்சு என்னுது, பேரு இன்னொருத்தியுதா? எம் பேரைப் போடாட்டி நாஞ் சொன்னதையும் போடாத" என்று சொல்லிவிட்டார். அப்படியே சம்மதம் எழுதி, அவர்களிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. இதையெல்லாம் ரேவதியக்கா சாரிடம் எடுத்துச் சொன்னாள். சார் யோசித்தார். சார் யோசித்தால் எனக்குப் பயம்.

"கோடு வராத பேரா வெச்சுரு. மேரி, ரோஸ், லில்லி. மூணுமே வராது, நான் அடிச்சுப் பாத்துட்டேன்." எனக்குத் தாங்கவில்லை. "சார், கருமத்தம்பட்டியில போயி லில்லின்னு கூப்புட்டா அவங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க!" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான். சார் கோபிக்கவே இல்லை.

"அவங்க திரும்பிப் பாக்கறது முக்கியமில்லம்மா, எக்ஸாமினர் திரும்பிப் பாக்காம இருக்கறதுதான் முக்கியம்."

தப்பே இல்லாத லேபிள்

காங்கேயத்திலிருந்து தேங்காய் எண்ணெய் மில்காரர் ஒருவர். புட்டியில் ஒட்டுகிற லேபிளின் ஃபைலை யாரிடமிருந்தோ வாங்கி, தன் மில்லின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். முழுசாக ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். திரையை எட்டிப் பார்த்தார். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. "அதே ஒண்ணும் சொல்லுல, நீங்க எதுக்குங் அம்மணி?" என்று பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில வாரம் கழித்து வந்தார். முகம் சரியில்லை. அந்த ஃபைல் அவருடைய பங்காளி மில்லின் லேபிள். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாகிறது. கீழே பொடி எழுத்தில் இருந்த போன் நம்பரை இவர் மாற்றவில்லை. எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று இவருடைய புட்டியைப் பார்த்துக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பங்காளி தன் எண்ணெயை அனுப்பிக்கொண்டிருக்கிறார். அதுவும் வண்டி வைத்து. நான் அன்றே சொன்னேனே என்று ஆரம்பித்ததும் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார்.

"எழுத்துத் தப்பா இருந்தாத் தாங்கிக்குவனுங்க அம்மணி, எல்லாஞ் சரியா இருந்து பங்காளி பொழச்சுப்போட்டான் பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

ராசியான சிஸ்டம்

எங்கள் கடையில் மூன்று சிஸ்டம். அதில் சுவரோரம் இருக்கும் இரண்டாம் நம்பர் ராசியானது. அதில் செய்த ஆய்வேட்டில் சிவப்புக் கோடே வராது. ஆய்வாளர்கள் பல்லடத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வந்து, மற்ற இரண்டும் காலியாகக் கிடந்தாலும் அதற்காகவே காத்திருப்பார்கள். மானிட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஆயுத பூஜைக்கு முதல் மாலை அதற்குத்தான். "அந்த ரெண்டாம் நம்பர்ல ஒருக்காப் போட்டுப் பாரும்மா" என்று சாரே ரேவதியக்காவிடம் சொல்லியிருந்தார்.

ஒருநாள் கடை காலியாக இருந்தபோது அதில் ஒரு புது ஃபைலைத் திறந்து, கீபோர்டில் முஷ்டியால் நாலு குத்து குத்தினேன். திரையில் விழுந்த குப்பைக்குக்கூட ஒரு கோடு இல்லை. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், புதிதாகத் திறக்கிற எந்த ஃபைலிலும் தப்பைக் காட்டாதே என்று ஒரு டிக். யாரோ எப்போதோ போட்டது. அங்கே காப்பி செய்து ஒட்டி எடுத்த ஆய்வேடு ஊமையாகிவிடும். எந்தக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனாலும் வாய் திறக்காது. இத்தனை பேரின் ராசி அந்த ஒரு டிக்கில் உட்கார்ந்திருந்தது.

டிக்கை எடுத்தேன். அடுத்து வந்த ஆய்வாளர் தன் ஆய்வேட்டை அதில் ஒட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. 'ஐயோ' என்று அவர் போட்ட சத்தத்துக்குச் சண்முகண்ணன் ஜெராக்ஸ் மிஷினை விட்டுவிட்டு ஓடிவந்து, டிக்கைத் திரும்பப் போட்டார். எந்த மெனுவில் இருக்கிறது என்று தேடவே இல்லை, கவனியுங்கள். "அண்ணா, இது ஏமாத்துங்க!" என்றேன். ஆய்வாளர் காதில் விழாதபடி என்னைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சொன்னார்:

"நாலு பேரு நிம்மதியாத் தூங்கறதுல உனக்கு என்ன அம்மணி நஷ்டம்?"

அவரவர் பெயர்

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் ரேவதியக்காவும் என் சிஸ்டத்தில் உட்காரலாம் என்று பார்த்தால், கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்க ஒரு குடும்பமே வேனில் வந்து இறங்கியது. மாமா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை வீட்டு மாப்பிள்ளை. ஒவ்வொருவராகத் திரைக்கு முன்னால் குனிந்து, தன் பெயரைக் கண்டுபிடித்து, அது யாருக்கு மேலே யாருக்குக் கீழே என்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு மாமாவை ஒரு வரி மேலே ஏற்றினேன். அதனால் கீழே இறங்கிய இன்னொரு மாமா டீ குடிக்காமல் வெளியே போய் நின்றுகொண்டார். அவரைக் கூட்டிவர ஒரு குழு போயிற்று. ரேவதியக்கா பென் டிரைவைக் கையில் உருட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் 'ஓகே' சொன்ன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன், கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று பத்திரிகையில் எங்குமே இல்லையே என்று. பெயர்களுக்கு இடம் பண்ணும்போது யாரோ அந்த வரியை எடுத்துவிட்டிருக்கிறார்கள். அத்தனை பேர் பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லை. பெரியப்பா துளியும் பதறவில்லை.

"மண்டபத்த விசாரிச்சுக்கூட வந்துருவாங்க கண்ணு, பேரு கீழ போச்சுன்னா எவனும் வரமாட்டான்."

நேர்மையான வேலை

இரண்டாம் நம்பரில் ஒட்டி எடுத்தால் ரேவதியக்காவுக்கு அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சிவப்புக் கூட்டத்தில் ஊர்ப்பெயர், ஆள்பெயர்களுக்கு நடுவே நிஜமான தப்புகளும் ஒளிந்திருந்தன. அவற்றையும் சேர்த்து மூடிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. எனக்கு மனசு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் நேர்மையைப் பற்றி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன்.

உட்கார்ந்தோம். நிஜத் தப்புகளைத் திருத்தினோம். மாராத்தாள், பழனாத்தாள், கருமத்தம்பட்டி எல்லாவற்றையும் முறைப்படி என் சிஸ்டத்தின் அகராதியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஒவ்வொரு பெயரைச் சேர்க்கும்போதும் ஆய்வேடு முழுக்க அந்தப் பெயரின் கோடு மறையும். பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. கடைசிக் கோடும் போனதும் ரேவதியக்கா, "ஒருத்தியையும் லில்லியாக்காம முடிச்சுப்போட்டோம் கண்ணு" என்று என் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

மறுநாள் சார் தன் அறைக் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தார். கருமத்தம்பட்டியைத் தாண்டி உருட்டினார். மாராத்தாள், கீழே கோடு. சார் மூடிவிட்டார். சேர்த்த சொற்கள் எங்கள் கடை கம்ப்யூட்டரில் இருக்கும், ஃபைலோடு கிளம்பி வராது என்பதை ப்ரூஃப் பார்க்கும் மேதையான நான் யோசிக்கவே இல்லை. ஒளித்து வைத்த தப்பு ஃபைலோடு ஊர் ஊராகப் போகும், திருத்தி வைத்த சுத்தம் கடையைத் தாண்டாது. இந்த நியாயத்தைச் சாருக்கு விளக்கினேன். அவர் காதில் அது சால்ஜாப்பாக விழுந்தது. பக்கத்தில் இருந்த வேறொரு ஆய்வாளரின் ஃபைலைத் திறந்து, துடைத்துவைத்த தரை மாதிரி இருந்த திரையை எங்களுக்குக் காட்டினார்.

"இதப் பாருங்கம்மா, ஒரு கோடு இல்ல, உழைச்சிருக்கான், ரெண்டாம் நம்பர் சிஸ்டத்துல செஞ்சதாம்."

கையெழுத்து

மாதத்தின் கடைசி நாள். சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் கொடுத்தாக வேண்டும். ரேவதியக்கா இரண்டாம் நம்பருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். சண்முகண்ணனே புது ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ ஜெயிக்கறதுக்கு வாதாடற கண்ணு. தோத்தா போறது என்னோட பதிவு" என்றாள் திரும்பாமல். வாதாடாமலே என் நாற்காலிக்குத் திரும்பினேன். இதை நீங்கள் எங்கேயாவது குறித்துவைத்துக்கொள்ளலாம்.

மவுஸில் கை வைத்தாள். பிறகு ஒட்டாமலே எழுந்தாள். "நேரம் இருக்குது. சாரை ஒருக்காக் கேட்டுப் பாத்தர்றேன். இல்லீன்னா வந்து ஒட்டிக்கறேன்." கூடவே ஓடினேன், பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு.

கையெழுத்துப் போட வேண்டியது நெறியாளர் சான்றிதழில். அதன் பிரிண்டைச் சாரின் மேஜையில் வைத்துவிட்டு, திரையிலும் நேராக அந்தப் பக்கத்தையே திறந்தாள். சார் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முந்தைய முறைகளில் அந்தப் பக்கம் ஃபைலில் இல்லை, கடைசியாகத்தான் சேர்த்தாள். பக்கத்தின் அடியில் அவருடைய பெயர். அப்பா பெயர், ஊர்ப் பெயர், பட்டம் எல்லாம் சேர்ந்த நீளமான பெயர். அதன் கீழே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், நெளிநெளியாகச் சிவப்பு.

"என்னம்மா இது? எம் பேர்ல என்ன தப்பு?" "தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்" என்றாள் ரேவதியக்கா, அவ்வளவு மரியாதையாக. "சிஸ்டத்துக்கு உங்களத் தெரியலீங்க." சார் வெற்றுப் பக்கத்தைத் திறந்து தன் பெயரைத் தானே அடித்தார். கோடு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அடித்தார். கோடு. நான் நிபந்தனையை மீறாமல் இருப்பதற்காக ஜன்னல் வழியே தென்னை மரம் ஒன்றைத் தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத மொதல்ல எடு" என்றார் சார். ரேவதியக்கா மவுஸை வாங்கி, வலப்பக்கம் ஒரு கிளிக், 'அகராதியில் சேர்' என்று ஒரு கிளிக். கோடு போயிற்று. சார் நாற்காலியில் சாய்ந்தார். "சார், அவங்க பேரையும் இப்படியே சேத்தர்லாங்களா? எல்லாம் இதே மாதிரி பேருதானுங்க" என்றாள். இப்போது புரிந்துவிடும், இந்த நொடியில் புரிந்துவிடும் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். சார் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். சான்றிதழில் முழுக் கையெழுத்தைப் போட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"எம் பேர்ல போயிருச்சுல்லம்மா? மத்ததெல்லாம் அப்படியே கெடக்கட்டும்."

கோபிசெட்டிபாளையத்தில் இப்போது வகுப்பெடுக்கும் ரேவதியக்கா ஒத்துக்கொள்வாளோ இல்லையோ, இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: கோடு அடுத்தவர் பெயருக்கு அடியில் விழுந்தால் அது பிழை, நம் பெயருக்கு அடியில் விழுந்தால் அது சாஃப்ட்வேரின் படிப்பறிவின்மை.